ஆப்ஷன் வரிசைக்குள் ஓடும் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் அக்ஷயா மையத்தில் உட்கார இடம் கிடைக்காது. பிளாஸ்டிக் உறைக்குள் மார்க் லிஸ்ட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு பிள்ளைகள் காத்திருப்பார்கள். பக்கத்தில் ஏலத் தோட்டத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அம்மா, அல்லது பூப்பாறையிலிருந்து ஜீப் பிடித்து வந்த அண்ணன். தமிழும் மலையாளமும் கலந்து கேள்விகள் பறக்கும். ‘ட்ரயல் அலாட்மென்ட் எப்ப வரும் சேச்சி?’ ‘ஜாதி சர்டிபிகேட் இப்பவே வேணுமா?’ எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது, பெரும்பாலும் அம்மா, சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘பக்கத்துக் காலேஜையே முதல்ல போட்டுரு தம்பி, அப்புறம் அதுவும் கைவிட்டுப் போயிரும்.’

இந்த வாக்கியம் சரியா தவறா என்பதற்குக் கணிதத்தில் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடைக்கு ஒரு நோபல் பரிசும் கிடைத்திருக்கிறது. அதற்குப் போகும் முன், விண்ணப்பத்தை முதல் கட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போகும் மாணவர் ரெஸ்யூமே தயாரிக்கிறார். எதில் ஆர்வம், என்னென்ன செய்தார், எதில் பரிசு வாங்கினார் என்று ஒரு பக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் தாள் அது. இடுக்கியில் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளையிடம் அந்தப் பெயரில் யாரும் தாள் கேட்பதில்லை. ஆனால் கணினித் திரையில் அவர் நிரப்பும் விண்ணப்பம்தான் அவருடைய ரெஸ்யூமே. அதை முதலில் படிப்பது ஒரு நிரல். பேராசிரியர் எவரும் கண்ணில் பார்ப்பதற்கு முன்பே, யாருக்கு எந்த இடம் என்பதை அது எழுதி முடித்துவிடுகிறது. அந்த நிரலுக்குப் புரிகிற மொழியில் தன்னைச் சொல்லிக்கொள்வதுதான் இங்கே விண்ணப்பிப்பவரின் வேலை. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் பல வருட யோசனை ஒளிந்திருக்கிறது.

முதல் கட்டம் புகைப்படம். ‘50 கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்று படிவம் மிரட்டும். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று 150 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். அப்படியே சேமித்தால் 90,000 பைட், கிட்டத்தட்ட 88 கேபி. ஆனால் மையத்துப் பெண் பொத்தானை அழுத்தியதும் அது பத்துப் பதினைந்து கேபியாகச் சுருங்குகிறது. முகம் முகமாகவே இருக்கிறது. எப்படி?

படத்தை 8-க்கு 8 என்ற சிறு கட்டங்களாகக் கணினி பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 புள்ளிகளை, மெதுவாக மாறும் சாயல்கள், வேகமாக மாறும் சாயல்கள் என்று அலைகளாகப் பிரித்து எழுதுகிறது. கன்னத்தின் நிறம் மெதுவாக மாறுவது. புருவத்தின் மயிரிழை வேகமாக மாறுவது. மிக வேகமான அலைகளைக் கொஞ்சம் அலட்சியமாக எழுதினாலும் மனிதக் கண் கண்டுபிடிக்காது. எனவே அவற்றைச் சுருக்கிவிடலாம். இந்த உத்தியை, ‘தனித்த கொசைன் உருமாற்றம்’ என்ற பெயரில், 1974-இல் வெளியிட்டவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்து, அங்கேயே விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். இந்த ஆய்வுக்கு நிதி கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அவர் விண்ணப்பித்தார். யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இன்று உலகத்தில் எடுக்கப்படும் படங்களில் பெரும்பகுதி அந்த எளிய யோசனையில்தான் சுருங்கிப் பயணிக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருவரின் கணக்கு, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சுமந்துகொண்டு போகிறது!

அடுத்து ஆதார் எண். 12 இலக்கங்களில் ஒன்றைத் தவறாக அடித்துப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் ‘தவறான எண்’ என்று உடனே வரும். இதற்காகத் திரை டெல்லிவரை போய்க் கேட்டு வரவேண்டிய அவசியம் இல்லை. பன்னிரண்டாவது இலக்கம் காவல் இலக்கம். முதல் பதினோரு இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இந்த முறையை 1969-இல் உருவாக்கியவர் யாகோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதர். அதன் அடித்தளம் ஓர் ஐங்கோணம். ஐங்கோணத்தை ஐந்து விதமாகச் சுழற்றலாம். கவிழ்த்துப் போட்டு இன்னும் ஐந்து விதமாகச் சுழற்றலாம். மொத்தம் பத்து நிலைகள். நம்மிடம் இருப்பதும் பத்து இலக்கங்கள். முதலில் சுழற்றிப் பிறகு கவிழ்ப்பதும், முதலில் கவிழ்த்துப் பிறகு சுழற்றுவதும் வேறுவேறு நிலைகளில் கொண்டுபோய் விடும். அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான், 47 என்பதை 74 என்று மாற்றி அடித்தாலும் அந்த இலக்கம் கண்டுபிடித்துவிடுகிறது. ஒற்றை இலக்கப் பிழைகள் எல்லாமும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிய பிழைகள் எல்லாமும் அதனிடம் சிக்கும்.

இனி மதிப்பெண். இங்கேதான் சிக்கல் கனமாகிறது. ஒருவர் கேரள ஸ்டேட் சிலபஸில் படித்தவர், இன்னொருவர் சி.பி.எஸ்.இ. இரண்டு வினாத்தாள், இரண்டு திருத்தும் பழக்கம். இருவரையும் ஒரே பட்டியலில் எப்படி வரிசைப்படுத்துவது?

கேரளத்தின் பொறியியல் சேர்க்கையான கீம் இதற்குப் புள்ளியியலை நாடியது. ஒரு போர்டில் கணிதச் சராசரி 70 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் திட்ட விலக்கம் என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். இந்தப் போர்டில் அது 10. இன்னொரு போர்டில் சராசரி 80, திட்ட விலக்கம் 6. முதல் போர்டில் 85 வாங்கியவர் சராசரியைவிட 15 மேலே, அதாவது ஒன்றரைத் திட்ட விலக்கம் மேலே. இரண்டாவது போர்டில் 89 வாங்கியவர் சராசரியைவிட 9 மேலே. அதுவும் ஒன்றரைத் திட்ட விலக்கம்தான். ஆகவே 85-உம் 89-உம் சமம். வெறும் மார்க்கைப் பார்த்தால் நான்கு மதிப்பெண் வித்தியாசம். தன் கூட்டத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் இருவரும் ஒரே படியில். இப்படிச் சமப்படுத்திய பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் சம எடை கொடுத்து ரேங்க் தயாரானது.

இந்தச் சூத்திரம் எத்தனை பேரின் வாழ்க்கையைத் தொடுகிறது என்பதைக் கேரளம் 2025 ஜூலையில் கண்கூடாகப் பார்த்தது. அந்த ஆண்டு மாநில அரசு சூத்திரத்தை மாற்றியது. ஒவ்வொரு போர்டின் உச்ச மதிப்பெண்ணையும் 100 ஆக்கி மற்றவற்றை அந்த விகிதத்தில் உயர்த்தியது. கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு 5:3:2 என்று எடை கொடுத்தது. ஜூலை 1-இல் ரேங்க் பட்டியல் வந்தது. ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றக் கூடாது என்று ஜூலை 9-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுநாளே மேல்முறையீடும் தள்ளுபடியானது. அன்றே பழைய சூத்திரத்தில் புதுப் பட்டியல் வெளியானது. ஒரு விடைத்தாளையும் யாரும் மறுபடி திருத்தவில்லை. ஒருவருடைய மார்க்கும் மாறவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ரேங்க் மேலும் கீழும் ஓடியது, முதலிடமே கைமாறியது.

மலைக்கு அந்தப் பக்கம், போடிமெட்டு இறங்கினால் தமிழ்நாட்டு முறை. அங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்கு கட்-ஆஃப். கேட்பதற்கு எளிமைதான். ஆனால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கும்போது ஒரே கட்-ஆஃபில் நூற்றுக்கணக்கானோர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எல்லாமே சமமானால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றாகிவிட்டால்? அதற்காகத்தான் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் ஒன்றை முன்கூட்டியே வழங்கிவிடுகிறார்கள். ஆயிரம் கோடி எண்களிலிருந்து கணினி குலுக்கி எடுத்த எண் அது. யாருடைய எண் பெரிதோ அவர் முன்னால். பெரும்பாலோருக்கு அந்த எண் பயன்படுவதே இல்லை. ஆனாலும் அது அங்கே இருப்பதால்தான், ‘இவனா அவனா’ என்று முடிவு செய்யும் அதிகாரம் எந்த மனிதர் கையிலும் போகாமல் இருக்கிறது.

மார்க் கணக்கு எத்தனை சிக்கலானாலும் கணினி அதை விழுங்கிவிடும். சாந்தன்பாறைப் பிள்ளைகள் பலருக்குத் தொண்டையில் சிக்குவது அடுத்த கட்டம், சாதிச் சான்று. அங்கே ஒரு தேதி ஒளிந்திருக்கிறது: 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் சாதிகளைக் குறிப்பிடும் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள். அந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்த நாளுக்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பட்டியலினக் குடும்பம் தன் சொந்த மாநிலத்தில் மட்டுமே இட ஒதுக்கீட்டுக்கு உரியது. போய்ச் சேர்ந்த மாநிலத்தில் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1990-இல் இதை உறுதி செய்தபோது அதன் முன்னால் இருந்ததும் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்குதான். ஆந்திரத்தில் பிறந்து, தந்தையின் வேலை காரணமாக மும்பைக்குப் போன பழங்குடி மாணவர் ஒருவர், அங்கே மருத்துவ இடம் கேட்டிருந்தார்.

இதைச் சாந்தன்பாறையில் வைத்துப் பாருங்கள். தாத்தா 1948-இல் தேனிப் பக்கமிருந்து மலையேறியவர் என்றால் ஒரு விதி. 1955-இல் ஏறியவர் என்றால் வேறு விதி. பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இடுக்கியில். ஆனால் அவருடைய விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப, எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பயணத்துக்குச் சாட்சி வேண்டும். லயத்தில் குடியிருந்தவர்களிடம் நிலப் பட்டா இருக்காது. பழைய தோட்டப் பதிவேட்டிலோ பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலோ தாத்தாவின் பெயரைத் தேட வேண்டும். இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். மூன்று தலைமுறையாக ஒரு மண்ணில் உழைத்தவர்களை அந்த மண் இன்னும் விருந்தாளியாகப் பார்க்கிறது. ஆனால் விதி மாறும்வரை பிள்ளைகள் செய்யக்கூடியது, வில்லேஜ் ஆபீஸ் வேலையைப் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே தொடங்குவது. முடிவு வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.

இப்போது அந்த அம்மாவின் வாக்கியத்துக்கு வருவோம். ஆப்ஷன் பட்டியல்.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் சாந்தன்பாறையிலேயே ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. மூணாறிலும் கட்டப்பனையிலும் இருக்கின்றன. கீழே இறங்கினால் தனியார், அரசு உதவி பெறும் கல்லூரிகள் ஏராளம். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்று விரும்பிய வரிசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆப்ஷன் என்றால் 120 விதமாக வரிசைப்படுத்தலாம். இருபது ஆப்ஷன் என்றால்? விடை 19 இலக்க எண். நொடிக்கு ஒரு வரிசையை எழுதிப் பார்த்தால், பிரபஞ்சத்தின் வயதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஆகும். அதில் ஒரே ஒரு வரிசையைத்தான் பிள்ளை தேர்ந்தெடுக்கிறார், அரை மணி நேரத்தில், வெளியே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது. அந்த வரிசையை வைத்துக்கொண்டு கணினி என்ன செய்கிறது?

மூன்று பிள்ளைகளை மட்டும் கற்பனை செய்துகொள்வோம். பூப்பாறைப் பெண், சாந்தன்பாறைப் பையன், ராஜகுமாரிப் பெண். ஒரே கல்லூரியில் இயற்பியல், கணிதம், வேதியியல், ஒவ்வொன்றிலும் ஒரே இடம். பூப்பாறைப் பெண்ணின் விருப்பம் முதலில் இயற்பியல், பிறகு கணிதம், பிறகு வேதியியல். சாந்தன்பாறைப் பையனுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம். ராஜகுமாரிப் பெண்ணுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல்.

கல்லூரிப் பக்கமும் பட்டியல் உண்டு. கேரளத்தில் பாடத்துக்குப் பாடம் இன்டெக்ஸ் மார்க் வேறு. அந்தப் பாடத்தோடு உறவுள்ள பிளஸ் டூ மதிப்பெண்களுக்குக் கூடுதல் மதிப்பு. எனவே ஒரே பிள்ளை ஒரு பட்டியலில் முதலாவதாகவும் இன்னொன்றில் மூன்றாவதாகவும் நிற்கலாம். நம் கதையில் இயற்பியல் பட்டியலில் ராஜகுமாரிப் பெண் முதல், சாந்தன்பாறைப் பையன் இரண்டு, பூப்பாறைப் பெண் மூன்று. கணிதத்தில் பூப்பாறைப் பெண் முதல், ராஜகுமாரிப் பெண் இரண்டு, பையன் மூன்று.

முதல் சுற்று. ஒவ்வொருவரும் தன் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறார். இயற்பியல் கதவில் பூப்பாறைப் பெண்ணும் சாந்தன்பாறைப் பையனும். பையன் முன்னால் இருப்பதால் இயற்பியல் அவனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெண்ணைத் திருப்பி அனுப்புகிறது. கணிதம் ராஜகுமாரிப் பெண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ‘பிடித்து வைத்துக்கொள்கிறது’ என்பதைக் கவனியுங்கள். இன்னும் கொடுக்கவில்லை. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலம் மாதிரி. உங்கள் கேள்வி இப்போதைக்கு உச்சத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருவர் கேட்டால் சரக்கு அவர் பக்கம் போய்விடும். ஏலம் முடிந்தால்தான் அது உங்களுடையது.

இரண்டாவது சுற்று. திருப்பி அனுப்பப்பட்ட பூப்பாறைப் பெண் கணிதத்தின் கதவைத் தட்டுகிறார். கணிதப் பட்டியலில் அவர்தான் முதல். எனவே ராஜகுமாரிப் பெண் வெளியே வருகிறார். மூன்றாவது சுற்றில் அவர் இயற்பியலுக்குப் போகிறார். அங்கே அவர்தான் முதல். சாந்தன்பாறைப் பையன் வெளியே. நான்காவது சுற்றில் அவன் வேதியியலுக்குப் போகிறான். இடம் காலி. இப்போது யாரும் நகர வேண்டியதில்லை. ஏலம் முடிந்தது: பூப்பாறைப் பெண்ணுக்குக் கணிதம், ராஜகுமாரிப் பெண்ணுக்கு இயற்பியல், பையனுக்கு வேதியியல்.

இந்த முடிவில் ஓர் அபூர்வமான நேர்மை இருக்கிறது. ‘என்னைவிடப் பின்னால் இருப்பவருக்கு நான் விரும்பிய இடம் போய்விட்டது’ என்று மூவரில் ஒருவரும் புகார் சொல்ல முடியாது. பையனுக்கு இயற்பியல் ஆசைதான். ஆனால் அங்கே இருப்பவர் அவனைவிட முன்னால் நிற்பவர். இப்படிப்பட்ட நிலையை நிலைத்த பொருத்தம் என்கிறார்கள்.

முதல் சுற்றிலேயே இடங்களை நிரந்தரமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையனுக்கு இயற்பியல், ராஜகுமாரிப் பெண்ணுக்குக் கணிதம். பூப்பாறைப் பெண் கணிதத்துக்கு ஓடி வரும்போது கதவு சாத்தியிருக்கும். கணிதப் பட்டியலில் முதலாவதாக இருந்தும் அவருக்கு வேதியியல்தான். அவர் செய்த ஒரே குற்றம், தன் உண்மையான ஆசையை முதல் வரியில் எழுதியது! அப்படிப்பட்ட முறையில் அந்த அம்மா சொல்வது சரி. ஆசையை மறைத்து, கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுபவரே தப்பிப்பார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் 2005 வரை இப்படித்தான் இடம் கொடுத்தன. அங்கும் விவரம் தெரிந்த பெற்றோர் பட்டியலில் உண்மையை எழுதியதில்லை.

பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் கொடுக்கும் முறைக்குப் பெயர் ஒத்திவைத்த ஏற்பு. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணிதர்கள் 1962-இல் ஏழே பக்கக் கட்டுரையில் இதை எழுதினார்கள். சமன்பாடுகளே அனேகமாக இல்லாத கட்டுரை. பொறுமையுள்ள பிளஸ் டூ மாணவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை கல்லூரிகள் இருந்தாலும் நிலைத்த பொருத்தம் ஒன்று கட்டாயம் கிடைக்கும் என்று அதில் நிறுவினார்கள். இதில் இன்னொரு ஆச்சரியம் பின்னால் தெரியவந்தது. இளம் மருத்துவர்களை மருத்துவமனைகளுக்குப் பிரித்தனுப்ப அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்திலிருந்தே ஏறத்தாழ இதே முறை ஓடிக்கொண்டிருந்தது. தேற்றம் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே! ஆல்வின் ராத் என்ற பொருளியலாளர் 1984-இல் அதை எடுத்துக் காட்டினார். 2012-இல் ஷேப்லிக்கும் ராத்துக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கான விடை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. பிள்ளைகள் கதவைத் தட்டும் ஒத்திவைத்த ஏற்பில், உண்மையான விருப்ப வரிசையை எழுதுவதைவிட லாபமான தந்திரம் எதுவும் கிடையாது என்று கணிதர்கள் நிறுவினார்கள். காரணத்தை நம் பூப்பாறைப் பெண்ணிடமே பார்க்கலாம். அவர் இயற்பியலை முதலில் தட்டியதால் கணிதத்துக்குத் தாமதமாகத்தான் வந்தார். தாமதமாக வந்ததற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை. இரண்டாவதாக வந்தாலும் இருபதாவதாக வந்தாலும் கதவு அவருடைய ரேங்க்கை மட்டுமே பார்க்கும். எட்டாத ஆசையை முதல் வரியில் எழுதினால் நஷ்டம் எதுவும் இல்லை. எட்டக்கூடியதை முதலில் எழுதினால் நஷ்டம் வரலாம்: அது கிடைத்துவிடும், அதற்கு மேலானது கிடைத்திருக்குமா என்ற கேள்வியே எழாது.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் நடத்துவது ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் 2015-இல் சேர்ந்து தொடங்கிய ஜோசா. அதற்கு முன்பு இரண்டுக்கும் தனித்தனிக் கலந்தாய்வு. ஒரே பிள்ளை இரண்டு பக்கமும் இடம் பிடித்து ஒன்றை விட, விட்ட இடம் யாருக்கும் போகாமல் காலியாகக் கிடந்தது. இப்போது 23 ஐ.ஐ.டி.களும் 31 என்.ஐ.டி.களும் இன்னும் பல நிறுவனங்களும் ஒரே பட்டியலில். ஒரு லட்சம் பேர் ஆளுக்கு இருபது விருப்பம் எழுதினாலும், கதவு தட்டும் வேலை அதிகபட்சம் 20 லட்சம் முறைதான். சாதாரண மடிக்கணினிக்கே சில நொடி வேலை. இட ஒதுக்கீடு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு எல்லாவற்றையும் தனித்தனிக் கதவுகளாக வைத்துக்கொண்டு அதே கணக்கு ஓடுகிறது.

ஆனால் தேற்றத்துக்கும் நடைமுறைக்கும் நடுவே சில பள்ளங்கள் உண்டு. பட்டியலின் நீளத்துக்கு வரம்பு இருந்தால், ஆசைகளை மட்டுமே எழுதி நிரப்பிவிடக் கூடாது. கடைசி வரிகளில் கட்டாயம் கிடைக்கும் இடங்களும் இருக்க வேண்டும். மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அலாட்மென்ட் பல சுற்றுகளாக நடக்கும். ஒரு ஆப்ஷன் கிடைத்ததும் அதற்குக் கீழே எழுதியவை ரத்தாகிவிடும். மேலே எழுதியவை உயிரோடு இருக்கும். அடுத்த சுற்றில் மேலே ஒன்று கிடைத்தால் கையில் இருந்தது தானாகப் போய்விடும். ‘வேண்டாம், முன்னதே போதும்’ என்று பிறகு சொல்ல முடியாது. எனவே உண்மையாகவே போகத் தயாராக இருக்கும் இடத்தை மட்டும் மேலே எழுத வேண்டும். கோட்டயத்தில் இடம் கிடைத்தால் ஹாஸ்டல் செலவுக்கு வழி உண்டா என்பதை ஆப்ஷன் கொடுக்கும் முன் வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். முக்கியமாக, இடம் கிடைத்தவர் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேர்க்கையை உறுதி செய்யாவிட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார். மலையில் மழை பிடித்து மின்சாரமும் நெட்வொர்க்கும் போகும் ஜூன் மாதத்தில், கடைசி நாள்வரை காத்திருப்பது ஆபத்து.

நிரல் படிக்காத விண்ணப்பங்களும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் படிவத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். அதில் பள்ளிக்கு வெளியே செய்தவை என்று பத்து வரிவரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். அவ்வளவுதான், ஒரு குறுஞ்செய்தி அளவு. மேடைப் பேச்சு, கிரிக்கெட் கோப்பை என்று யோசித்துப் பார்த்து, ‘நான் எதுவும் செய்யலையே’ என்று நம் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். அந்தப் படிவத்திலேயே ‘குடும்பப் பொறுப்புகள்’ என்றும் ‘சம்பளத்துக்குச் செய்த வேலை’ என்றும் தனி வகைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. பள்ளி விட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வது ஒரு வரி. சொந்தக் காட்டில் பறித்த ஏலக்காயை ஸ்டோரில் உலர்த்த அப்பாவுக்குத் துணை நின்று எடைக் கணக்கு எழுதுவது ஒரு வரி. மருத்துவமனையில் பாட்டி தமிழில் சொல்வதை டாக்டருக்கு மலையாளத்திலும், டாக்டர் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழிலும் சொல்வது ஒரு வரி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருடமாக என்று எண்ணோடு எழுதினால் படிப்பவருக்கு ஒரு மனிதர் கண்முன் தெரிவார். ‘பொறுப்பானவன், கடின உழைப்பாளி’ என்று எழுதினால் எவரும் தெரிய மாட்டார். பெங்களூர், டெல்லிப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும் நேர்காணலில் இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கின்றன.

சாந்தன்பாறை, பூப்பாறை, ராஜகுமாரிப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ வகுப்பில் ஒரு பீரியடை ஒதுக்குங்கள். மூன்று பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, மூன்று துண்டுச் சீட்டில் விருப்பங்களை எழுதச் சொல்லி, இந்தக் கதவு தட்டும் ஆட்டத்தை ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். கால் மணி நேரம்தான் ஆகும். முடிந்தால் அந்த நாளில் பெற்றோரையும் கூப்பிடுங்கள். முதல் வரியில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான்.